எது இல்லை என்று பாருங்கள்: புது வேலைக்குச் சிறிய வெப் ஃபிரேம்வொர்க் தேர்ந்தெடுப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க் பக்கமெல்லாம் கோயில் கமிட்டிகளும் தமிழ்ச் சங்கங்களும் வாரக்கடைசித் தமிழ் வகுப்புகளும் இருக்கின்றன. காவடிக்குப் பேர் பதிவது, வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பது, நன்கொடைக்கு ரசீது தருவது என்று எல்லாவற்றுக்கும் இப்போது வெப்சைட் தேவைப்படுகிறது. அந்த வேலை பெரும்பாலும் கம்ப்யூட்டர் படித்த ஒரு தம்பி அல்லது தங்கையின் தலையில் வந்து விழும். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. கொஞ்சம் நிரல் எழுதத் தெரியும், ஆனால் சொந்தமாக ஒரு வெப்சைட்டைத் தொடக்கத்திலிருந்து கட்டியதில்லை என்றால் இதைப் படித்துவிட்டுத் தொடங்கலாம்.

வெப்சைட்டின் நிரலுக்கு அடித்தளமாக எடுத்துக்கொள்ளும் ஆயத்தத் தொகுப்புதான் ஃபிரேம்வொர்க். எது நல்லது என்று தேடிப் பார்த்தால் நூறு பேர் நூறு பெயர் சொல்வார்கள்: ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ், ஸ்லிம், ஹோனோ, ஃபாஸ்ட்ஏபிஐ, ஜின். எல்லாமே தன்னை ‘லைட்வெயிட்’ என்றுதான் சொல்லிக்கொள்ளும். இந்தச் சிறிய ஃபிரேம்வொர்க்குகளின் மையத்தில் இருப்பது ஒரே வேலைதான். பிரவுசரிலிருந்து ஒரு முகவரி கேட்டு வந்தால், அதற்குரிய ஃபங்ஷனைக் கூப்பிட்டு, பதிலைத் திருப்பி அனுப்பும். லாகின், டேட்டாபேஸ், ஃபார்ம் சரிபார்ப்பு, நிர்வாகப் பக்கம் எல்லாம் பெரும்பாலும் உள்ளே இருக்காது. எதைத் தராமல் விட்டிருக்கிறதோ அதை நீங்கள் எழுதியாக வேண்டும், அல்லது வேறு பேக்கேஜ் தேடிச் சேர்த்து, வருடக்கணக்கில் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதனால், ஒப்பிடும்போது எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்று பாருங்கள். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதைக் கண்டுபிடிக்கத்தான்.

முதல் படி: உண்மையிலேயே ஃபிரேம்வொர்க் வேண்டுமா?

ஒரு தாள் எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள். தளத்தில் யார் விவரம் எழுதுவார்கள்? யார் அதைப் படிப்பார்கள்? வருடத்துக்குச் சுமார் எத்தனை பதிவு வரும்? எதை அச்செடுக்க வேண்டும்?

முதல் கேள்விக்குப் பதில் ‘யாரும் இல்லை’ என்றால், அதாவது பூஜை நேரம், முகவரி, விழாத் தேதி, படங்கள் மட்டும் போதும் என்றால், சர்வரில் ஓடும் ஃபிரேம்வொர்க்கே வேண்டாம். வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோப்புகள் போதும். பக்கங்கள் இருபது முப்பதைத் தாண்டினால் ஹியூகோ அல்லது இலெவன்டி போன்ற ஒன்றை வைத்து உங்கள் கம்ப்யூட்டரிலேயே பக்கங்களை உருவாக்கி ஏற்றிவிடலாம். டேட்டாபேஸ் கிடையாது, சர்வரில் அப்டேட் செய்ய எதுவும் இல்லை, திருட வருபவனுக்கும் உள்ளே ஒன்றும் கிடைக்காது. பல கோயில்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் வேலை அதைவிடக் கொஞ்சம் பெரியது. தைப்பூசத்துக்கும் சித்திரா பௌர்ணமிக்கும் காவடி எடுப்பவர்கள் பேர் பதிய வேண்டும். தமிழ் வகுப்புக்குப் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். கமிட்டியில் இரண்டு பேர் லாகின் செய்து பட்டியலைப் பார்க்க வேண்டும். பொருளாளருக்கு அதை எக்செலில் திறக்க வேண்டும். கட்டுரை முழுக்க இந்த ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: தளம் எங்கே குடியிருக்கும்?

புதியவர்கள் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். மொழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலேயே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

டர்பனிலிருந்து லண்டன் சுமார் 9,500 கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கேபிள் நேர்கோடாகவே கிடந்தாலும் போய் வர 95 மில்லி விநாடி ஆகும். கடலுக்கடியில் கேபிள் நேராகப் போவதில்லை, அதனால் உண்மையில் இன்னும் அதிகம். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல தடவை போய் வர வேண்டியிருக்கும். எந்த ஃபிரேம்வொர்க் விநாடிக்கு எத்தனை ஆயிரம் வேண்டுகோளைக் கையாளும் என்று போட்டிப் பட்டியல்கள் வருகின்றனவே, அவை காட்டும் வித்தியாசம் ஒரு மில்லி விநாடிக்கும் கீழே. சில நூறு காவடிப் பதிவுக்கு எல்லாமே வேகம்தான். சர்வரை நாட்டுக்குள் வைப்பதில் கிடைக்கும் வேகம் எந்த ஃபிரேம்வொர்க்கிலும் கிடைக்காது.

கேபிள் அறுந்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் நான்கு கேபிள்கள் ஒரே நாளில் பழுதாயின. அதே ஆண்டு மே மாதம் நம் குவாசூலு-நட்டால் கடற்கரைக்கு அப்பால் ஈஸி, சீகாம் என்ற இரண்டு கேபிள்களும் அறுந்தன. அந்த நாட்களில் சர்வர் நாட்டுக்குள் இருந்தால், உள்ளூர்ப் போக்குவரத்து கடலைத் தாண்டவே தேவையில்லை.

இப்போது உள்நாட்டில் இடத்துக்குக் குறைவில்லை. மைக்ரோசாஃப்ட் 2019-லும், அமேசான் கேப் டவுனில் 2020-லும், கூகுள் ஜோஹானஸ்பர்கில் 2024-லும் டேட்டா சென்டர்களைத் திறந்திருக்கின்றன. இவற்றைவிட எளிது, மாதம் இவ்வளவு ரேண்ட் என்று வாங்கும் உள்ளூர் ஷேர்டு ஹோஸ்டிங், அதாவது ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் இடம். டாலரில் பில் வந்தால் ரேண்ட் இறங்கும்போதெல்லாம் கமிட்டிக் கூட்டத்தில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் பிஎச்பி நிச்சயம் ஓடும். பைத்தானும், ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட்டும் சில இடங்களில் மட்டும் ஓடும், அதிலும் கட்டுப்பாடுகள் இருக்கும். கோலாங் பொதுவாக ஓடாது. ஆகவே, கமிட்டி ஏற்கெனவே ஹோஸ்டிங் வாங்கி வைத்திருந்தால் அங்கே என்னென்ன ஓடும் என்று முதலில் கேளுங்கள். பட்டியலில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

கோயில் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, அதையே சர்வராக வைக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு இல்லாத காலத்திலும் ஏரியாவில் கரண்ட் போகும், ரூட்டரோடு சேர்ந்து தளமும் போய்விடும்.

மூன்றாம் படி: ஆட்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

ஃபிளாஸ்க் பைத்தானில் எழுதியது, 2010-இல் வந்தது. பக்கத்தின் அச்சில் விவரங்களை நிரப்பித் தரும் ஜிஞ்சா என்ற டெம்ப்ளேட் கருவி கூடவே வரும். சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள் ஐந்துக்குச் சற்று மேல்தான். கற்றுக்கொள்ளப் பாடங்கள் ஏராளம். பைத்தானைப் பள்ளியிலோ கல்லூரியிலோ தொட்டவர்கள் நிறையப் பேர் என்பதால், உங்களுக்குப் பின் வருபவருக்கும் கை வரும். முதல் முறை கட்டுபவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பாட்டில் என்பதும் பைத்தான் ஃபிரேம்வொர்க்தான். ஒரே ஒரு கோப்பு, வெளிப் பேக்கேஜ் எதுவும் வேண்டாம். 0.12 பதிப்பு 2013-இல் வந்தது, 0.13 வர 2024 ஆயிற்று. அந்த நிதானம் சிலருக்குப் பிடிக்கும். கூடச் சேர்க்கும் துணைப் பேக்கேஜ்கள் ஃபிளாஸ்க்கைவிட மிகக் குறைவு.

ஃபாஸ்ட்ஏபிஐ 2018-இல் வந்தது. மொபைல் ஆப்புக்கு டேட்டா கொடுக்க அருமையான கருவி. எழுதும்போதே விளக்கப் பக்கத்தைத் தானே உருவாக்கிவிடும், வரும் விவரங்களையும் கறாராகச் சரிபார்க்கும். ஆனால் நமக்கு வேண்டியது ஃபார்மும் பக்கங்களும். டெம்ப்ளேட்டுக்கும் ஃபார்மைப் படிக்கவும் தனித்தனியாகப் பேக்கேஜ் சேர்க்க வேண்டும். அதன் பலம் நமக்குப் பயன்படாது.

எக்ஸ்பிரஸ் நோட் உலகத்தின் பழைய ஆள். நான்காம் பதிப்பு 2014-இல் வந்தது, ஐந்தாம் பதிப்புக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மையம் சின்னது, ஆனால் நிறுவும்போது பல பத்துப் பேக்கேஜ்கள் கூடவே இறங்கும். அவற்றில் எது எப்போது பராமரிப்பின்றிப் போகும் என்று சொல்ல முடியாது.

ஹோனோவும் ஜாவாஸ்கிரிப்ட்தான், ஆனால் புதியது. நோட்டிலும் அதைப் போன்ற டெனோ, பன் ஆகியவற்றிலும் ஓடும், பல ஊர்களில் சர்வர் வைத்திருக்கும் கிளவுட்ஃபிளேரிலும் ஓடும். கிளவுட்ஃபிளேருக்கு டர்பனிலேயே மையம் இருப்பதால், நிரல் நம் ஊரிலேயே ஓடும் என்று சந்தோஷப்படலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நிரல் டர்பனில் ஓடினாலும் டேட்டாபேஸ் ஐரோப்பாவில் இருந்தால், ஒவ்வொரு கேள்விக்கும் கடல் தாண்டித்தான் போய் வர வேண்டும்.

ஸ்லிம் பிஎச்பிக்கானது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் கோப்புகளை ஏற்றினால் ஓடும். நான்காம் பதிப்பில் வேண்டுகோளைக் கையாளும் பகுதியைக்கூடத் தனியாகத் தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும், புதியவருக்கு முதல் நாள் கொஞ்சம் குழப்பும். லூமென் என்ற பெயரும் காதில் விழும். புது வேலைகளை அதில் தொடங்க வேண்டாம் என்று அதை உருவாக்கிய லாரவெல் குழுவே சொல்லிவிட்டது, அதனால் தாண்டிப் போய்விடுங்கள்.

கோலாங்கில் 2024 பிப்ரவரியில் வந்த 1.22 பதிப்பிலிருந்து, முகவரிகளைப் பிரித்துக் கையாளும் வேலையை மொழியின் சொந்த லைப்ரரியே நன்றாகச் செய்கிறது. சின்ன வேலைக்கு ஜின் போன்ற ஃபிரேம்வொர்க்கே வேண்டாம். ஒரே கோப்பாகக் கட்டி சர்வரில் வைத்தால் வருடக்கணக்கில் ஓடும். பராமரிக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

இந்தப் பட்டியலில் சேராத, ஜாங்கோ என்ற பெரிய பைத்தான் ஃபிரேம்வொர்க்கையும் ஓரமாக மனதில் வையுங்கள். அது எடை குறைந்ததே அல்ல. ஏன் வைக்கச் சொல்கிறேன் என்பது அடுத்த படியில் தெரியும்.

நான்காம் படி: இல்லாததை எண்ணுங்கள்

நம் காவடிப் பதிவுக்கு என்னென்ன வேண்டும்? லாகின், பாஸ்வேர்டைப் பாதுகாப்பாக வைப்பது, ஃபார்ம் சரிபார்ப்பு, சிஎஸ்ஆர்எஃப் தடுப்பு (கீழே விளக்குகிறேன்), டேட்டாபேஸ், கமிட்டி பார்க்கும் பட்டியல் பக்கம், எக்செலுக்கு ஏற்றுமதி. ஒவ்வொரு ஃபிரேம்வொர்க்குக்கும் இவற்றில் எது உள்ளே இருக்கிறது, எதற்குப் பேக்கேஜ் வேண்டும், எதை நீங்களே எழுத வேண்டும் என்று தாளில் குறியுங்கள்.

ஃபிளாஸ்க்கில் இவை எதுவுமே உள்ளே இல்லை என்றே சொல்லலாம். ஆனால் லாகினுக்கு, ஃபார்முக்கு, டேட்டாபேஸுக்கு எல்லாரும் பயன்படுத்தும் துணைப் பேக்கேஜ்கள் உண்டு. ஜாங்கோவில் ஏறத்தாழ எல்லாமே உள்ளே இருக்கிறது. கமிட்டி பார்க்கும் நிர்வாகப் பக்கத்தைக் கிட்டத்தட்ட இலவசமாகவே தந்துவிடும். உங்கள் தாளில் ‘நானே எழுத வேண்டும்’ என்ற வரிசை ஐந்தைத் தாண்டினால், எடை குறைந்ததைத் தேடுவதை விட்டுவிட்டு ஜாங்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, உங்கள் வாரக்கடைசிகள் மிஞ்சும்.

சிஎஸ்ஆர்எஃப் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை. கமிட்டிச் செயலாளர் உங்கள் தளத்தில் லாகின் செய்திருக்கும்போது வேறொரு கெட்ட பக்கத்தைத் திறந்தால், அந்தப் பக்கம் அவர் பெயரில் உங்கள் தளத்துக்கு ஃபார்ம் அனுப்பிப் பதிவுகளை அழித்துவிட முடியும். இந்தத் தாக்குதலின் பெயர்தான் சிஎஸ்ஆர்எஃப். அதற்கான தடுப்பு ஜாங்கோவில் தானாகவே இருக்கும். ஹோனோவில் கூடவே வரும், இயக்கிவிட்டால் போதும். ஃபிளாஸ்க்குக்கும் ஸ்லிமுக்கும் தனிப் பேக்கேஜ். கோலாங்கில் 2025-இல் வந்த 1.25 பதிப்பிலிருந்து சொந்த லைப்ரரியிலேயே உண்டு. எக்ஸ்பிரஸுக்குப் பல வருடம் எல்லாரும் நம்பியிருந்த பேக்கேஜை 2022-இல் கைவிட்டுவிட்டார்கள். பழைய பாடங்கள் இன்றும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன, கவனமாக இருங்கள்.

இன்னொன்று, டெம்ப்ளேட். பெயர் கேட்கும் பெட்டியில் யாராவது ஜாவாஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினால், பட்டியல் பக்கத்தைத் திறக்கும் செயலாளரின் பிரவுசரில் அது ஓடக் கூடாது. ஃபிளாஸ்க்கின் எச்டிஎம்எல் டெம்ப்ளேட்களும், கோலாங்கின் எச்டிஎம்எல் டெம்ப்ளேட்டும், ஸ்லிமோடு ட்விக் என்ற டெம்ப்ளேட் கருவியைச் சேர்த்தால் அதுவும் இதைத் தானாகத் தடுக்கும். ஸ்லிமில் வெறும் பிஎச்பி டெம்ப்ளேட்டை வைத்தால் ஒவ்வொரு இடத்திலும் நீங்களே தடுக்க வேண்டும். புதியவர் தானாகத் தடுப்பதை மட்டுமே எடுக்க வேண்டும் என்பேன்.

ஐந்தாம் படி: தமிழை வைத்துச் சோதியுங்கள்

ஆங்கிலத்தில் வரும் ஒப்பீடுகளில் இது இருக்காது. நமக்கோ இதுதான் முக்கியம். தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதிப்பை வளர்த்து உறுதிசெய்ய வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. நம் கோயில் தளத்தில் தமிழ் எழுத்து உடைந்து நிற்கக் கூடாது.

‘மோகன்’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் ம, ஓகாரக் குறி, க, ன, புள்ளி என்று 5 குறிகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 15 பைட். நீளம் எவ்வளவு என்று கேட்டால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்ட்டும் 5 என்று சொல்லும். பிஎச்பியின் சாதாரண ஃபங்ஷனும் கோலாங்கும் 15 என்று சொல்லும். ‘பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்’ என்று பைட் கணக்கில் தடை போட்டால் ‘மோகனசுந்தரி’ என்ற பெயரே உள்ளே நுழையாது. பைட் கணக்கில் வெட்டினால் எழுத்தின் நடுவில் வெட்டுப்பட்டு, கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறி வரும்.

அடுத்தது இன்னும் நுணுக்கமானது. ‘மோ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ம-வும் ஓகாரக் குறியும் என்று 2 குறிகளாக, அல்லது ம, ஏகாரக் குறி, கால் என்று 3 குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. ஒருவர் ஒரு கீபோர்டில் பதிந்து, செயலாளர் இன்னொரு கீபோர்டில் தேடினால் ‘அப்படி யாரும் இல்லை’ என்று வரலாம். வழி சுலபம்தான்: சேமிக்கும் முன்னும் தேடும் முன்னும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதற்கான வசதி மொழியிலேயே இருக்கிறது. பிஎச்பியில் இன்ட்ல் என்ற நீட்சி வேண்டும், ஷேர்டு ஹோஸ்டிங்கில் அது இயங்குகிறதா என்று பாருங்கள். கோலாங்கில் தனிப் பேக்கேஜ்.

பிறகு அகர வரிசை. ‘மலர்’, ‘மல்லிகா’ இரண்டையும் அடுக்கச் சொல்லுங்கள். அகராதி வரிசையில் புள்ளி வைத்த எழுத்து முன்னால் வரும், அதனால் மல்லிகாதான் முதலில். யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கம்ப்யூட்டர் மலரை முதலில் வைக்கும். ஒரே கோப்பில் இயங்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸின் இயல்பான வரிசையும் இந்த எண் வரிசைதான். நோட் 13-ஆம் பதிப்பு முதல் எல்லா மொழிகளின் வரிசையையும் தன்னுள் வைத்திருப்பதால் எக்ஸ்பிரஸும், நோட்டில் ஓடும் ஹோனோவும் இந்த இடத்தில் ஜெயிக்கின்றன. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்தால், ஃபிரேம்வொர்க் எதுவானாலும் தமிழ் வரிசையை டேட்டாபேஸிடமே கேட்டு வாங்கலாம்.

நிரல்களுக்கிடையே விவரம் பரிமாறும் ஜேசன் வடிவில் அனுப்பும்போதும் ஒரு வித்தியாசம் உண்டு. ஃபிளாஸ்க்கும் பிஎச்பியும் இயல்பாகவே ஒவ்வொரு தமிழ்க் குறியையும் 6 எழுத்துச் சங்கேதமாக மாற்றி அனுப்பும். ‘மோகன்’ 15 பைட்டுக்குப் பதிலாக 30 பைட் ஆகிவிடும். ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும், மாற்ற மறக்காதீர்கள். ஃபாஸ்ட்ஏபிஐ, எக்ஸ்பிரஸ், கோலாங் மூன்றும் தமிழை அப்படியே அனுப்பும். முகவரியில் மட்டும் தமிழைத் தவிர்த்துவிடுங்கள். ‘மோகன்’ என்ற ஐந்து குறிகள் முகவரியில் 45 எழுத்தாக விரியும், வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அரைப் பக்கத்துக்கு வெறும் குறிகளாக நிற்கும்.

ரசீது அச்செடுப்பதைத் தனியாகவே சோதித்துப் பாருங்கள். பிடிஎஃப் உருவாக்கும் பல லைப்ரரிகளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பைத்தானில் வீஸிபிரின்ட், பிஎச்பியில் எம்பிடிஎஃப் இரண்டும் சரியாகச் செய்யும். பிஎச்பியில் எல்லாரும் எடுக்கும் டாம்பிடிஎஃப் செய்யாது. எதுவும் சரிவரவில்லை என்றால், அச்சுக்கென்று ஒரு நல்ல பக்கத்தை எச்டிஎம்எல்லில் செய்து பிரவுசரையே அச்செடுக்கச் சொல்லலாம். பிரவுசருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும்.

பெயரைக் கேட்கும் முறையையும் யோசியுங்கள். கோவெண்டர், முட்லி, பிள்ளை, நாயுடு என்று குடும்பப் பெயர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக ஆங்கில எழுத்தில்தான் அடையாள அட்டையில் இருக்கின்றன. பல வீடுகளில் தமிழில் எழுதத் தெரிந்தவர் பாட்டி மட்டும்தான். அதனால் ஆங்கிலப் பெயர் கட்டாயம், தமிழ்ப் பெயர் விருப்பம் என்று இரண்டு பெட்டி வையுங்கள். தமிழ்ப் பெட்டியை எடுத்துவிட மட்டும் வேண்டாம். வகுப்புக்கு வரும் பிள்ளை தன் பெயரைத் தமிழில் திரையில் பார்க்க வேண்டும்.

ஆறாம் படி: இரண்டில் கட்டிப் பாருங்கள்

இப்போது பட்டியலில் இரண்டு பெயர்தான் மிஞ்சியிருக்கும். எங்கள் பக்கத்து வேலைகளுக்குப் பெரும்பாலும் ஃபிளாஸ்க்கும் ஸ்லிமும் மிஞ்சும். இரண்டிலும் ஒரே சின்ன வேலையைச் செய்யுங்கள்: பெயர், போன் நம்பர் கேட்கும் ஒரு ஃபார்ம், அதை எஸ்கியூலைட்டில் சேமிப்பது, லாகினுக்குப் பின்னால் ஒரு பட்டியல். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் போதும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை: பிழை வந்தால் அது சொல்லும் செய்தி புரிகிறதா? விளக்க நூல் இப்போதைய பதிப்புக்குத்தானா? உங்கள் கம்ப்யூட்டரில் ஓடியதை உண்மையான சர்வரில் ஏற்ற எவ்வளவு பாடு? ஃபிளாஸ்க்கோடு வரும் சோதனைச் சர்வர் சோதனைக்கு மட்டும்தான், உண்மையான தளத்துக்கு கூனிகார்ன் போன்ற நிஜச் சர்வர் நிரல் ஒன்று முன்னால் நிற்க வேண்டும். இந்த ஏற்றும் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் இப்போதே செய்து பாருங்கள். எஸ்கியூலைட் போதுமா என்ற சந்தேகம் வரும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் எழுத முடியும், ஆனால் ஒரு எழுத்துக்கு மில்லி விநாடிகள்தான் ஆகும். சில நூறு பதிவுக்குத் தாராளமாகப் போதும்.

அப்புறம் போனில் திறந்து பாருங்கள். பெரும்பாலோர் ப்ரீபெய்டு டேட்டாவில்தான் வருவார்கள். டேட்டா விலையைப் பற்றிப் போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் அறிக்கை தந்த பிறகு, வோடாகாம் 1 ஜிபி மாத பண்டிலை 149 ரேண்டிலிருந்து 99 ரேண்டுக்கு 2020 ஏப்ரலில் குறைத்தது. அந்த 99 ரேண்ட் கணக்கிலேயே, 3 எம்பி பக்கம் ஒன்றைத் திறக்க 29 சென்ட் போகும். சின்ன பண்டில் வாங்குபவருக்கு எம்பிக்கு இன்னும் அதிகம். பதிவு செய்ய வரும் பாட்டியின் ஏர்டைமைத் தின்னும் பக்கத்தைக் கட்டக் கூடாது.

இந்த எடைக்கும் சர்வர் ஃபிரேம்வொர்க்குக்கும் சம்பந்தமே இல்லை. படங்களும், பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டும், எழுத்துருவும்தான் காரணம். நம் ஃபார்முக்கு ரியாக்ட் போன்ற பெரிய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வேண்டாம். பக்கத்தை முழுதாக மாற்றாமல் ஒரு பகுதியை மட்டும் மாற்ற ஆசையிருந்தால் எச்டிஎம்எக்ஸ் இருக்கிறது, சுருக்கி அனுப்பினால் சுமார் 15 கிலோபைட். தமிழ் எழுத்துருவை அனுப்பவே தேவையில்லை. ஆண்ட்ராய்டு, ஐஃபோன், விண்டோஸ் மூன்றிலும் தமிழ் எழுத்துரு உள்ளேயே இருக்கிறது. பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறித்துவிட்டால் போதும். ஃபார்மை நிரப்பிக்கொண்டிருக்கும்போது சிக்னல் போனால் எழுதியது அழியாமல், பிரவுசரிலேயே வரைவாக வைத்துக்கொள்ள பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதுங்கள். கரண்ட் போய் டவரின் பேட்டரியும் தீர்ந்தால் என்ன ஆகும் என்பதை லோட்ஷெடிங்கில் பார்த்தவர்கள்தானே நாம்.

ஏழாம் படி: சட்டம்

போப்பியா என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. ஒருவரின் மத நம்பிக்கை அதில் சிறப்புப் பாதுகாப்பு பெற்ற தகவல். காவடிக்குப் பேர் பதிந்தாலே அந்தத் தகவலை வாங்கிவிட்டோம் என்று அர்த்தம். மத அமைப்புகள் தம் உறுப்பினர்களின் விவரத்தை வைத்துக்கொள்ளச் சட்டம் வழி தருகிறது, ஆனால் அதை வெளியில் யாருக்கும் சும்மா கொடுக்க முடியாது. தமிழ் வகுப்புக்கு வருவது குழந்தைகள், அதனால் பெற்றோரின் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். விவரங்கள் வெளிநாட்டு சர்வருக்குப் போனால் அதற்கும் தனி நிபந்தனைகள் உண்டு, சர்வரை உள்நாட்டில் வைக்க இது இன்னொரு காரணம். அடையாள எண்ணைக் கேட்காதீர்கள், காவடிக்கு அது எதற்கு? விழா முடிந்து எத்தனை மாதத்தில் பதிவுகளை அழிப்பது என்று கமிட்டியிடம் கேட்டு, அந்த நாளில் தானாக அழியும்படி எழுதிவிடுங்கள். பணம் வாங்குவதென்றால் கார்டு விவரம் உங்கள் தளத்தைத் தொடவே கூடாது, அதைக் கட்டண நிறுவனத்தின் பக்கத்திலேயே வாங்கட்டும்.

கடைசிப் படி: ஒப்படைப்பதற்கு முன்

பயன்படுத்தும் ஒவ்வொரு பேக்கேஜின் பதிப்பு எண்ணையும் கோப்பில் பூட்டி வையுங்கள். டொமைன் உங்கள் பெயரில் இருக்க வேண்டாம், கமிட்டியின் பெயரிலும் கமிட்டியின் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். நீங்கள் ஜோபர்க்குக்கு வேலைக்குப் போய்விட்டால் அடுத்தவர் எடுத்து நடத்த வேண்டுமே. சர்வரில் எப்படி நுழைவது, எப்படி ஏற்றுவது, டொமைன் எப்போது புதுப்பிப்பது என்று ஒரே ஒரு பக்கம் எழுதி அச்செடுத்து, பாஸ்வேர்டைத் தனியாக வைத்து, கோயில் அலுவலகக் கோப்பில் சேருங்கள்.

எக்செல் ஏற்றுமதியைப் பொருளாளரின் கம்ப்யூட்டரிலேயே திறந்து பாருங்கள். எக்செல் திறக்கும் சிஎஸ்வி கோப்பில் தமிழ்ப் பெயர்கள் குப்பைக் குறிகளாகத் தெரிந்தால், கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற 3 பைட் குறியைச் சேர்த்தால் சரியாகிவிடும். பேக்கப்பையும் எடுத்து வைத்ததோடு நிறுத்தாமல், வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, பதிவு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா, தமிழ்ப் பெயர்கள் முழுதாக வருகின்றனவா என்று பாருங்கள். பெயருக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால், பேக்கப் எடுக்கும் கட்டளையில் யூடிஎஃப்-8 இல்லை என்று அர்த்தம். பதிவைத் திறந்துவிடும் நாளுக்கு முன்பே அதைத் திருத்திவிடுங்கள்.